தீர்த்தத்துக்கு மறுநாள்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் திருவிழாக் கொடி ஏறினால் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் மச்சச் சட்டி பரணுக்குப் போய்விடும். 25 நாளும் மீன் இல்லை, இறைச்சி இல்லை, கள்ளு இல்லை. அதோடு சேர்த்துச் சிகரட்டையும் சுருட்டையும் தள்ளிவைக்கிற ஆண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நாற்பது வருடமாகப் புகைப்பவர்கள் அவர்கள். கேட்டால், "முதல் மூண்டு நாளும் கொஞ்சம் சள்ளை, பிறகு ஒண்டுமில்லை" என்பார்கள். தேர் முடியும், தீர்த்தம் முடியும். மறுநாள் சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஒன்று பற்றும்.

அதே மனிதரிடம் டொக்டர், "ஐயா, இதை விட்டால்தான் நெஞ்சு தாங்கும்" என்று சொன்னால் வருகிற பதில்: "விடேலாது டொக்டர், ஊறிப்போச்சு."

அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் கணக்கைப் பிழையாகப் போடுகிறார். இரத்தத்தில் உள்ள நிக்கொட்டின் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அரைவாசியாகக் குறையும். நிறுத்தி இரண்டாம், மூன்றாம் நாளில் உடம்பின் அந்தரம் உச்சத்துக்குப் போகும்: எரிச்சல், நித்திரையின்மை, ஒன்றிலும் மனம் நில்லாமை. இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் அது அடங்கும். ஆகவே 25ஆம் நாளில் உடம்பு பெரும்பாலும் கேட்பதை நிறுத்தியிருக்கும். 26ஆம் நாள் கேட்பது தேத்தண்ணிக் கிளாசும், பிளாஸ்ரிக் கதிரையும், பக்கத்தில் இருப்பவர் நீட்டுகிற பெட்டியும்தான். இன்னொன்றும் உண்டு. விரதத்துக்கு முடிவுநாள் இருந்தது, மனம் அந்த நாளை எண்ணிக்கொண்டே இருந்தது.

மருந்தோ உதவியோ இல்லாமல் தனியே விட முயல்பவர்களில் நூறுக்கு 3 முதல் 5 பேர்தான் ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டுகிறார்கள். பெரும்பாலானோர் முதல் 8 நாளுக்குள்ளேயே வழுக்கிவிடுகிறார்கள். விரதகாரர் அந்த 8 நாளை எப்படிக் கடக்கிறார்? கூடப் புகைப்பவரும் விரதம், தவறணைப் பக்கம் போவதில்லை, விடிய எழும்பிக் குளிப்பு, வீட்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு விசேட மனவலிமை ஒன்றும் வந்துவிடவில்லை. சுற்றுச்சூழல் மாறியது, அவ்வளவுதான். அதையே வேண்டுமென்று செய்துகொள்வதுதான் இந்தப் பதிவின் விஷயம்.

அறுபதில் விட்டு என்ன பலன்?

பிரித்தானிய வைத்தியர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வை ரிச்சர்ட் டொல் குழுவினர் 2004இல் வெளியிட்டார்கள். தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிட்டால் 60 வயதில் விட்டவர்கள் ஏறத்தாழ 3 ஆண்டுகள், 50இல் விட்டவர்கள் 6, 40இல் விட்டவர்கள் 9, 30இல் விட்டவர்கள் 10 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். மாரடைப்பு வந்த பிறகு விட்டாலும் அதன்பின் இறக்கும் ஆபத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மாரடைப்புக்குப் பிறகு எழுதித் தரப்படும் எந்தக் குளிசைக்கும் இது சளைத்ததல்ல.

நுரையீரல் கதை வேறு. வயது போகப் போக எல்லோருக்கும் மூச்சுக் கொள்ளளவு வருடத்துக்கு 30 மில்லிலீற்றர் அளவில் குறையும். புகையால் பாதிக்கப்படும் நெஞ்சில் அது 60 வரை போகும். விட்டால் வேகம் 30 பக்கம் திரும்பும், போனது திரும்பாது. "விட்டு ஆறு மாதம், இன்னும் படி ஏற மூச்சு வாங்குது, பிறகேன் விடுவான்" என்று கேட்பவருக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். நீங்கள் ஏறும் படி அதே படிதான். இன்னும் ஐந்து வருடத்தில் கட்டிலிலிருந்து கக்கூசுக்கு நடக்க முடியுமா என்பதுதான் இப்போது தீர்மானமாகிறது.

"குறைச்சிட்டன், நாளைக்கு ஒண்டு ரெண்டுதான்" என்பது நல்ல ஏமாற்று. நாளைக்கு ஒரு சிகரட் புகைப்பவருக்கு வரும் மேலதிக இருதயநோய் ஆபத்து, 20 புகைப்பவருக்கு வருவதில் ஏறத்தாழ அரைவாசி என்று 2018இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. இருபதில் ஒரு பங்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், இரத்தக்குழாய் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை.

சுருட்டுக்காரர் சொல்வது, "நான் உள்ள இழுக்கிறேல்லை." சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது. அதனால் நிக்கொட்டின் வாய்த்தோலாலேயே ஊறி உள்ளே போய்விடும், இழுக்கத் தேவையே இல்லை. வாய்க்கும் தொண்டைக்கும் வரும் ஆபத்தும் அப்படியே இருக்கிறது. பீடி மெல்லியது என்று நம்புவதும் பிழை. அணையாமல் வைத்திருக்க அடிக்கடி, பலமாக இழுக்க வேண்டியிருப்பதால் தாரும் காபன் மொனொக்சைட்டும் சிகரட்டுக்குக் குறையாமல் போகும்.

நாள் குறிக்க முன் கிளினிக் கொப்பியை எடுங்கள்

வயது போனவர்கள் விடுவதில் அதிகம் கவனிக்கப்படாத இடம் இதுதான். புகையில் உள்ள தார்ப்பொருட்கள் ஈரலில் ஒரு நொதியத்தைத் தூண்டி வைத்திருக்கும். அந்த நொதியம் சில மருந்துகளை வேகமாக எரித்துவிடும், டொக்டரும் அதற்கேற்ற டோசைத்தான் எழுதியிருப்பார். புகை நின்றால் ஒரு கிழமைக்குள் நொதியம் பழைய நிலைக்கு வரும். அதே டோஸ் அப்போது கூடிப்போகும்.

முட்டுக்கும் தொய்வுக்கும் தியோபிலின் குளிசை எடுப்பவர் முதலில் கவனிக்க வேண்டும். விட்ட ஒரு கிழமையளவில் டோசைக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்க வேண்டி வரலாம். சத்தி, நெஞ்சுப் படபடப்பு, கைநடுக்கம் வந்தால் "சிகரட் விட்டதால வருது" என்று பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள், மருந்து கூடிப்போயிருக்கலாம். இரத்தம் கட்டியாகாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர் விட்ட முதல் கிழமைகளில் ஐஎன்ஆர் என்ற இரத்த உறைவுப் பரிசோதனையை நெருக்கி நெருக்கிச் செய்ய வேண்டும். மனநல மருந்துகளில் குளோசபின், ஒலன்சபின் இரண்டும் இதே வழிதான். இன்சுலின் போடுபவருக்குச் சீனி எதிர்பாராமல் இறங்கலாம், ஆகவே முதல் மாதம் அடிக்கடி பாருங்கள். இவற்றில் எதையும் நீங்களே கூட்டிக் குறைக்க வேண்டாம். கிளினிக்கில், "இன்ன திகதியில் விடப்போறன்" என்று முன்கூட்டியே சொன்னால் அவர்கள் பார்ப்பார்கள்.

புகைக்குப் பதிலாகத் தோலில் நிக்கொட்டின் பட்டி ஒட்டினாலும் இது மாறாது. நொதியத்தைத் தூண்டுவது புகை, நிக்கொட்டின் அல்ல.

அதே நொதியம்தான் தேத்தண்ணியிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனை எரிப்பதும். விட்ட பிறகு அதே ஐந்து கிளாஸ் தேத்தண்ணி குடித்தால் உடம்பில் கஃபீன் இரட்டிப்பாகத் தேங்கலாம். நித்திரை வராது, படபடக்கும், எரிந்து விழுவீர்கள். பழி சிகரட் இல்லாமைக்குப் போகும். விடுகிற அன்றே தேத்தண்ணியை அரைவாசியாக்குங்கள், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வேண்டாம்.

எந்த நாள்?

கொடியேற்ற நாள் நல்ல நாள்தான். உடம்பின் அந்தரம் முழுக்க விரதத்துக்குள் போய்விடும். கேதாரகௌரி விரதத்தின் 21 நாளும் பொருந்தும். கந்தசஷ்டியில் உபவாசம் இருப்பவர் அந்த ஆறு நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வெறும் வயிறும் நிக்கொட்டின் அந்தரமும் சேர்ந்தால் தலைச்சுற்று எதனால் வந்தது என்றே தெரியாது, சீனிக் குளிசை எடுப்பவருக்கு அது ஆபத்து.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா, ஒரேயடியாக நிறுத்துவதா? 2016இல் வந்த ஒரு பிரித்தானிய ஆய்வில் ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 22 சதவீதமும், இரண்டு கிழமையாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 15.5 சதவீதமும் ஆறு மாதத்தில் தாக்குப்பிடித்தார்கள். இரு பகுதியினருக்கும் நிக்கொட்டின் மருந்து கொடுக்கப்பட்டது. நாளைக் குறியுங்கள், அன்று நிறுத்துங்கள்.

பட்டியும் சூயிங்கமும்

எத்தனை புகைக்கிறீர்கள் என்பதைவிட, எழும்பி எத்தனை நிமிடத்தில் முதலாவதைப் பற்றவைக்கிறீர்கள் என்பதே பிடிப்பை நன்றாகக் காட்டும். 30 நிமிடத்துக்குள் என்றால் பிடிப்பு இறுக்கம். சுருட்டுக்கு எண்ணிக்கைக் கணக்கு உதவவே உதவாது. ஒன்றையே அணைத்து அணைத்து நாள் முழுக்க இழுப்பவர்கள் இருக்கிறார்கள்.

நாளைக்கு 10 சிகரட்டுக்கு மேல் என்றால் 24 மணித்தியாலப் பட்டியில் 21 மில்லிகிராம் 6 கிழமை, 14 மில்லிகிராம் 2 கிழமை, 7 மில்லிகிராம் 2 கிழமை. பத்தும் அதற்குக் குறைவும் என்றால் 14இல் தொடங்கி 6 கிழமை, பிறகு 7இல் 2 கிழமை.

எங்கள் வெயிலில் பட்டி கழன்று விழுவதுதான் பெரிய முறைப்பாடு. கிணற்றில் குளித்து, நன்றாகத் துடைத்து, வியர்வை அடங்கிய பிறகு மயிரில்லாத தோலில் ஒட்டி, உள்ளங்கையால் 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். எண்ணெய், பவுடர் கூடாது. திருநீறும் அப்படித்தான்: மேற்கையிலும் மார்பிலும் மூன்று குறி பூசுபவர் அந்த இடத்தை விட்டு முதுகின் மேற்பக்கத்திலோ இடுப்புக்கு மேலே விலாவிலோ ஒட்டலாம். ஒவ்வொரு நாளும் இடத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் தோல் சிவந்து கடிக்கும். இரவில் பயங்கரக் கனவு வந்தால் படுக்கும்போது கழற்றிவிடலாம். கழற்றிய பட்டியில் இன்னும் நிக்கொட்டின் இருக்கிறது. ஒட்டும் பக்கம் உள்ளே வர மடித்து, பேரப்பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் போடுங்கள்.

நிக்கொட்டின் சூயிங்கம் 2, 4 மில்லிகிராம் என்று வரும். எழும்பி 30 நிமிடத்துக்குள் பற்றவைப்பவருக்கு 4. சாதாரண சூயிங்கம் போல் மென்றால் எச்சிலோடு நிக்கொட்டின் வயிற்றுக்குள் போய் விக்கலும் நெஞ்செரிவும் குமட்டலும் வரும். "எனக்கு ஒத்துவரேல்லை" என்று எறிபவர்களில் பலர் இப்படி மென்றவர்கள்தான். நாலைந்து கடி, வாயில் காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கி வையுங்கள். காரம் போனதும் மறுபடி நாலைந்து கடி, மற்றப் பக்கம் ஒதுக்கம். இப்படி அரை மணித்தியாலம். அதற்கு 15 நிமிடம் முன்பும் வாயில் இருக்கும்போதும் கோப்பி, சோடா, தேசிக்காய்த் தண்ணி கூடாது, புளிப்பு நிக்கொட்டினை ஊறவிடாது. முதல் 6 கிழமையும் ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று, நாளைக்கு 24க்கு மேல் வேண்டாம். கட்டுப்பல்லில் இது ஒட்டிப் பல்லையே கழற்றும். கட்டுப்பல்லுக்காரர் வாயில் கரைகிற லொசென்ஜுக்குப் போகலாம்.

பட்டியோடு சூயிங்கமோ லொசென்ஜோ சேர்த்தால் ஒன்றைமட்டும் பாவிப்பதைவிடப் பலன் கூட. பட்டி அடித்தளம், மற்றது திடீரென்று கிளம்பும் ஆசைக்கு. "நிக்கொட்டினை விட நிக்கொட்டினா?" என்று சிரிப்பவர்களுக்கு: கொல்வது தாரும் காபன் மொனொக்சைட்டும் புகையும். உலக சுகாதார நிறுவனம் நிக்கொட்டின் மாற்று மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2009இல் சேர்த்தது. மாரடைப்பு வந்து இரண்டு கிழமை ஆகாதவர்கள்மட்டும் டொக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

பாமசிக்குப் பாமசி இருப்பு மாறும், பத்துக் கிழமைக்கானதை முன்பே விசாரியுங்கள். திருவிழாவுக்கு லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் சொந்தக்காரர் "மாமாவுக்கு" என்று சிகரட் கார்ட்டன் கொண்டுவருவது வழக்கம். அங்கே பட்டியும் சூயிங்கமும் சீட்டில்லாமல் வாங்கலாம். இந்த முறை அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

குளிசையில் வரெனிக்லின், புப்ரோபியன் என்று இரண்டு, இரண்டும் டொக்டர் எழுதித் தரவேண்டியவை. வரெனிக்லின் விடும் நாளுக்கு ஒரு கிழமை முன் தொடங்கும்: 0.5 மில்லிகிராம் நாளுக்கு ஒன்று 3 நாள், பிறகு இரு நேரம் 4 நாள், அதன்பின் 1 மில்லிகிராம் இரு நேரம், மொத்தம் 12 கிழமை. வெறும் வயிற்றில் குமட்டும். சிறுநீரகம் பலவீனமானவருக்கு டோஸ் குறைய வேண்டும், அதனால் சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனையில் வந்த கிரியேற்றினின் அளவைக் காட்டுங்கள். வலிப்பு வந்தவருக்குப் புப்ரோபியன் ஆகாது.

நேரமும் இடமும்

கிளம்புகிற ஆசை பெரும்பாலும் ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. அதைக் கடக்க ஒவ்வொரு நேரத்துக்கும் வேறு வேறு ஏற்பாடு வேண்டும்.

காலையில் சிகரட் இல்லாமல் வயிறு போகாது என்பது வெறும் மனப்பிராந்தி அல்ல. நிக்கொட்டின் குடலைத் தள்ளும், நிறுத்தினால் மலச்சிக்கல் வரும். எழும்பியதும் இரண்டு கிளாஸ் சுடுதண்ணி, இரவில் பப்பாசி, சோற்றோடு முருங்கையிலையோ வல்லாரையோ. இரண்டு மூன்று கிழமையில் வழிக்கு வரும்.

சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தால் கை சட்டைப்பைக்குப் போகும். எழும்பிக் கையைக் கழுவி, ஒரு கராம்பை வாயில் போட்டு வளவைச் சுற்றுங்கள். கைக்கும் வாய்க்கும் வேலை தர வறுத்த கச்சான், வெள்ளரிக்காய் நல்லவை. புழுக்கொடியல் இன்னும் நல்லது, பல் இருந்தால். பனங்கட்டியைமட்டும் எண்ணிக் கடியுங்கள், சலரோகக்காரருக்குப் பனங்கட்டியும் சீனிதான்.

304 என்ற சீட்டாட்டம் விளையாடும் செட் பெரிய கண்ணி. நாலு பேரில் மூன்று பேர் புகைத்தால் நாலாமவர் தாக்குப்பிடிப்பது கடினம். முதல் மாதம் விளையாட்டை வீட்டு விறாந்தைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அங்கே புகைக்கத் தயங்குவார்கள். இல்லையென்றால் ஒரு மாதம் வேண்டாம். கள்ளுக்கும் அதே ஒரு மாதம்: இரண்டு போத்திலுக்குப் பிறகு எடுத்த தீர்மானம் எதுவும் நினைவில் நில்லாது. நீட்டுபவரிடம் "விட்டிட்டன்" என்று சொன்னால் வாதம் வரும். "டொக்டர் மறிச்சுப்போட்டார் அண்ணை, நெஞ்சில பிழை" என்றால் நோயென்று தெரிந்ததும் கையை இழுத்துக்கொள்வார்கள்.

சிகரட் விட்ட வாய்க்கு வெற்றிலை என்பது மிகப் பழைய வழுக்கல். வெற்றிலையோடு போடுகிற புகையிலையில் நிக்கொட்டின் தாராளம், சுண்ணாம்பு அதை இன்னும் ஊறச் செய்கிறது. புகையிலையை எடுத்துவிட்டாலும் பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தப்பட்டது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புப் படை, மூன்று கிழமையாகியும் ஆறாத புண், மூன்று கிழமைக்கு மேல் குரலடைப்பு, சளியில் இரத்தம், காரணமில்லாத மெலிவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் புகை விட்டதோடு சம்பந்தப்படுத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இருமல் கூடுவது வேறு. மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்கிச் சளியை மேலே தள்ளுவதால் முதல் கிழமைகளில் இருமல் கூடலாம். "விட்டபிறகுதான் வருத்தம் வந்தது" என்ற ஊர்க்கதையின் வேர் பெரும்பாலும் இதுதான். தண்ணி குடியுங்கள். இரண்டு கிழமையாகியும் குறையாவிட்டால் சளியைக் காசத்துக்குப் பரிசோதிக்கக் கொடுங்கள், புகைப்பவருக்குக் காசம் வரும் வாய்ப்பும் கூட.

நிறை முதல் வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ கூடும். அதை முதல் மாதத்திலேயே பட்டினி கிடந்து தடுக்க வெளிக்கிட்டால் இரண்டும் கெட்டுவிடும். மூன்றாம் மாதத்திலிருந்து சோற்றைக் குறைக்கலாம். மனம் சோர்ந்தே கிடந்து நாலு கிழமையாகியும் நித்திரையும் திரும்பாவிட்டால், முன்பு மனச்சோர்வு வந்தவராயின் அதற்கும் முதலே, டொக்டரிடம் பேசுங்கள்.

26ஆம் நாள்

கொடியேற்றத்தில் விட்டவர் தீர்த்தத்துக்கு முன்பே, அதற்கு மறுநாளான பூங்காவன நாளுக்கு ஒரு திட்டம் போட வேண்டும். பட்டி அன்றும் உடம்பில் இருக்கவேண்டும். 21 மில்லிகிராமில் தொடங்கியவருக்கு அப்போது நாலாம் கிழமைதான், இன்னும் ஆறு கிழமை பாக்கி. "விரதம் முடிஞ்சுது" என்று பட்டியையும் கழற்றுவதுதான் அன்றைக்கு நடக்கும் பிழை. வழக்கமான சந்திக்கு அன்று காலை போகாமல் தேத்தண்ணியை வீட்டில் குடியுங்கள். கூட விரதம் இருந்தவர் ஒருவரோடு சேர்ந்து செய்தால் இருவரும் தப்பலாம், அவர் வழுக்கினால் நீங்களும் வழுக்குவீர்கள் என்பதையும் தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

ஒன்று பற்றவைத்துவிட்டால் பட்டியைக் கழற்றாதீர்கள், அடுத்த தைப்பொங்கல்வரை நாளும் பார்க்காதீர்கள். எந்த நேரம், எந்த இடம், யார் நீட்டினார் என்று நாட்காட்டியில் குறித்து, அந்த இடத்துக்குமட்டும் புது ஏற்பாடு செய்யுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 என்ற இலக்கம் இருக்கிறது.

செத்தவீட்டில் தட்டம் சுற்றி வரும். வெற்றிலை, பாக்கு, சுருட்டு, சிகரட். துக்கமும் இரவு விழிப்பும் சேர்ந்த இடம், வருடக்கணக்காக விட்டவர்களும் அங்கே வழுக்குகிறார்கள். போகும்போது சட்டைப்பையில் லொசென்ஜ் இருக்கட்டும். உங்கள் வீட்டு நிகழ்வென்றால் தட்டத்தில் சுருட்டு வைக்காமல் விடலாம், முதல் நாள் நாலு பேர் கதைப்பார்கள், அவ்வளவுதான். அப்புவின் திவசப் படையலில் அவருக்குப் பிடித்த சுருட்டை வைப்பது வேறு விஷயம், அதை யாரும் நிறுத்தப்போவதில்லை. படையல் எடுத்த பிறகு அந்தச் சுருட்டு யார் கைக்குப் போகும் என்பதைமட்டும் முதல் நாளே வீட்டில் பேசி வையுங்கள்.